பதினாலாம் வீட்டின் மூன்றாவது ஆள்

தலைக்கணக்கு நாள் என்றாலே அந்தக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கெல்லாம் எல்லா வீடுகளையும் பெருக்கித் துடைத்துவிடுவார்கள். வருகிறவர்கள் ஆளைத்தான் எண்ணப்போகிறார்கள், தூசியை இல்லை. ஆனாலும் பக்கத்துப் படிக்கட்டு வழியாக ஏறுகிற வீட்டுக்காரர் நம் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்ப்பார் என்று தெரிந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

பதினாலாம் வீட்டிலும் அன்று காலை வேலை நடந்தது. அது வேறு மாதிரியான வேலை.

அந்த வீட்டுக்காரியான குடியிருப்புச் செயலாளர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்குக் கீழே ஒரு குவளையில் மூன்று பிரஷ்கள் இருந்தன. பச்சை நிற பிரஷை எடுத்து, கொஞ்சம் பேஸ்ட் தடவி, குழாயில் அலசி, சொட்டச் சொட்டத் திரும்ப வைத்தாள். போன வருடமும் இப்படித்தான் செய்தாள். அதற்கு முந்தைய வருடமும். அந்த பிரஷுக்குச் சொந்தக்காரனான அவள் மகன் வீட்டைவிட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது.

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்து இந்தக் குடும்பத்தோடு நடந்து வருகிறவர்களுக்கு நான் எதையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், சொந்தமாக ஒரு கூரை இல்லாத அறுபத்துநாலு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பாழடைந்த கிடங்கை வாங்கின. தாங்களே செங்கல் சுமந்து வீடு கட்டிக்கொண்டன. அங்கே வீட்டை யாரும் விற்க முடியாது, பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் முடியாது. வீடு எல்லோருக்கும் பொது. எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்குத் தகுந்த அறைகள். ஆள் கூடினால் பெரிய வீடு, குறைந்தால் சின்ன வீடு. அதற்காகத்தான் வருடத்துக்கு ஒருமுறை தலைக்கணக்கு.

இந்த விதிகளில் பாதி செயலாளர் எழுதியவை. திரைச்சீலை தைத்துப் பிழைக்கிற பெண்மணி. தையலில் ஒரு நூல் பிசகினால்கூடப் பிரித்துத் தைக்கிறவள், விதியில் மட்டும் விட்டுவிடுவாளா? கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவரின் மனைவி இறந்த மூன்றாம் மாதம், அவரை ஒற்றை அறை வீட்டுக்கு மாற்றியவள் இவள்தான். அவர் அழுதார். இவள் ஆறுதல் சொல்லவில்லை, அவருடைய பெட்டிகளைத் தன் தலையில் சுமந்து கொண்டுபோய் வைத்தாள்.

அவள் மகன் நான்கு வருடங்களுக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு வந்து நின்றான். அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டில் கைகழுவிவிட்டார்கள். விருந்தாளி பதினைந்து நாள்தான் தங்கலாம், புதிதாக ஓர் ஆளைச் சேர்ப்பதென்றால் அடுத்த தலைக்கணக்கில்தான் என்பது விதி. அதற்கு ஏழு மாதம் இருந்தது. பதினாறாம் நாள் காலை, எல்லார் வீட்டு விருந்தாளிக்கும் சொன்னதையே செயலாளர் தன் மருமகளுக்கும் சொன்னாள்.

"அப்ப ரெண்டாவது மாடியில காலியா இருக்கிற வீட்டையாவது கொடும்மா. உன் ஒரு கையெழுத்துதானே?" என்றான் மகன்.

"வரிசையில வா" என்றாள் அவள்.

இருவரும் போய்விட்டார்கள். அதன்பிறகு ஒரு போன்கூட இல்லை. அந்த வருடத் தலைக்கணக்கில் எண்ண வந்தவர்கள் கேட்டபோது, "வெளியூர்ல வேலை, மாசத்துக்கு ஒருதரம் வந்துபோறான்" என்று அவள் வாய் தானாகவே சொல்லிவிட்டது. மாதம் ஒருமுறை வந்து தங்குகிறவர் கணக்கில் உண்டு. மூன்று பேர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள், கணவரும் கீழே போட்டார். பொய் சொல்லத் தெரியாதவள் சொல்கிற பொய்யை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

குளியலறைக் கதவைத் திறந்தபோது கணவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். பேச்சுக் குறைவு, சொன்னால் சுருக்கென்று தைக்கும்.

"நனைச்சாச்சா?"

அவள் மகனின் அறைக்குள் போனாள். தேய்த்து வைத்திருந்த சட்டையை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். அவரும் பின்னாலேயே வந்தார்.

"அவன் கேட்டு நின்னப்ப சட்டம் பேசினே. அவன் போனப்புறம் உனக்குச் சட்டம் மறந்துபோச்சு."

"இந்த ரூமை எடுத்துட்டாங்கன்னா அவன் திரும்பி வந்தா எங்கங்க படுப்பான்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"ஹால்ல படுப்பான். இடமில்லேன்னா என் மேல படுப்பான். முதல்ல வரட்டும்."

"ரூம் இல்லேன்னா அவனுக்கு இங்க ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடுங்க" என்றாள் அவள். "இந்தக் கட்டிலு இருக்கற வரைக்கும் அவன் எங்கயோ வெளிய போயிருக்கான்னு நெனச்சுக்க முடியுது."

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் இரண்டு பேர். ஒருவர் சலூன்காரர். ஐந்தாம் படிக்கட்டு வீடுகளில் குடியிருப்பவர், குடியிருப்பின் காத்திருப்போர் வரிசையை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். இன்னொருத்தி பேக்கரிக்காரி. அவள் உள்ளே குடியிருப்பவள் இல்லை, வெளியே வரிசையில் காத்திருப்பவள். எண்ணுகிற இருவரில் ஒருவர் வெளி ஆளாக இருக்கவேண்டும் என்பதும் செயலாளர் கொண்டுவந்த விதிதான். "உள்ள இருக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்துடுவாங்க. வெளிய நிக்கறவங்க கண்ணுதான் சரியா எண்ணும்" என்று அன்றைக்கு மேஜையைத் தட்டிச் சொன்னாள்.

பேக்கரிக்காரியின் மணிக்கட்டில் மாவு காயாமல் இருந்தது. அடுப்புக்குப் பின்னால் ஒரே அறை, அதில் ஐந்து பேர். இரண்டு படுக்கையறை வீடு எது காலியானாலும் அடுத்தது அவள் முறை. பதினாலாம் வீடு இரண்டு படுக்கையறை வீடு.

"சின்னவளுக்கு இருமல் எப்படியிருக்கு?" என்று கேட்டாள் செயலாளர். வாசலில் நிற்கவைத்துப் பேசினால் கொஞ்ச நேரம் தள்ளிப்போகுமே என்றுதான் கேட்டாள்.

"மாவுத்தூசி இருக்கற வரைக்கும் அது இருக்குங்க்கா. டாக்டர் வேற இடம் பாருங்கன்னு சொல்றார். அவருக்கென்ன, சொல்லிடறார்."

சலூன்காரர் பதிவேட்டைப் பிரித்தார். எல்லாம் தெரிந்திருந்தாலும் முறைப்படி கேட்டே ஆகவேண்டும். "இந்த வீட்டுல எத்தனை பேருங்க்கா?"

"மூணு."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவும் நகரவில்லை. பேக்கரிக்காரி உள்ளே போனாள்.

முதலில் பெரியவர்களின் அறை. பிறகு மகனின் அறை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாத கட்டில். கொக்கியில் சட்டை. பேக்கரிக்காரி அந்தச் சட்டையைத் தொடாமல் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு குளியலறைக்குப் போய்ப் பச்சை பிரஷைக் கையில் எடுத்தாள்.

ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் கடையில் வாங்கி வந்த அன்று இருப்பதுபோல் நார் ஒன்றும் வளையாமல் நிமிர்ந்து நின்றது. மூன்று பிள்ளைகளின் பிரஷ்களைத் தினம் பார்க்கிற ஒருத்தியின் கண்ணுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? பேக்கரிக்காரி அதை மெல்லத் திரும்ப வைத்தாள்.

"தம்பி வந்துட்டுப் போனாராக்கா?"

நேற்று வந்து இன்று காலையில் போனான் என்று சொல்ல வேண்டும். மூன்று வருடமாகச் சொன்னதுதான். இன்று செயலாளர் கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

பேக்கரிக்காரி அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் ஹாலுக்கு வந்து சலூன்காரரிடம், "மூணு பேர்தாண்ணே. எழுதிக்குங்க" என்றாள்.

"என்ன பார்த்தே நீ?" செயலாளரின் குரல் தேவைக்குமேல் உரக்க வந்தது.

"பார்த்தேங்க்கா. சட்டை இருக்கு. பிரஷ் ஈரமாயிருக்கு." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கும் ஒரு பையன் இருக்காங்க்கா."

கையும் களவுமாகப் பிடித்துக் கூச்சல் போட்டிருந்தால் செயலாளர் தாங்கியிருப்பாள். பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, பொய்யை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கட்டியிருப்பாள். தன் குழந்தையின் இருமலைத் தள்ளிவைத்துவிட்டு, அடுத்தவள் பிள்ளையின் காலிக் கட்டிலுக்குக் காவல் நிற்கிற இவளை என்ன செய்வது?

"எழுதாதீங்க" என்றாள்.

சலூன்காரர் நிமிர்ந்தார்.

"ரெண்டு பேர். நானும் அவரும். ரெண்டுன்னு எழுதுங்க."

ஒரே ஒரு எண். சொல்லி முடித்தபோது தன் பிள்ளையைத் தானே இரண்டாம் தடவையாக வீட்டைவிட்டு அனுப்பியதுபோல் அவளுக்கு இருந்தது. கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார்.

சலூன்காரர் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "நீ பதினஞ்சாம் வீட்டை ஆரம்பிம்மா, வந்துடறேன்" என்று பேக்கரிக்காரியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பேசாமல் முடிவெட்டத் தெரியாத மனுஷர் அவர். அன்றைக்குப் பதிவேட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

"இதைப் போன வருஷமே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"என்ன சொல்றீங்க?"

"எண்ண வர்ற வெளி ஆளைத் தவிர, வரிசையில வேற யார் இருக்காங்கன்னு செயலாளருக்குத் தெரியக்கூடாதுன்னு விதி. நீங்க போட்டதுதான். அதனால நானும் வாயைக் கட்டிக்கிட்டேன். பேரு ஒட்டின உறைக்குள்ள இருக்கும், எனக்கே நம்பர் மட்டுந்தான் தெரியும். முறை வர்றப்பதான் உறையைப் பிரிப்போம்." அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "போன வருஷம், பின்பக்கம் புதுசாக் கட்டின வீடுங்களுக்கு ஆள் எடுத்தப்ப பத்தொன்பதாம் நம்பர் முறை வந்துச்சு. பிரிச்சேன். உங்க மகன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "அவன் எப்படி? அவன் வரிசையிலயா நின்னான்?"

"இங்கேர்ந்து போன மறுமாசமே மனு போட்டிருக்கார். இன்னும் வீடு வேணும்னு வருஷா வருஷம் கார்டு போடணுமில்ல, ஒரு வருஷங்கூடத் தவறாமப் போட்டிருக்கார்."

"அப்புறம்?" என்று கேட்டது கணவர்.

"பதிவேட்டைப் பார்த்தேன். பதினாலாம் வீட்டுல குடியிருக்கார்னு இருந்துச்சு. உள்ள இருக்கறவருக்கு வெளிவரிசையில இடம் கிடையாது. கீழே அக்காவோட கையெழுத்து." அவர் பதிவேட்டின் அட்டையைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "அவர் இங்க இல்லேன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். உங்க கையெழுத்தைப் பொய்னு சொல்லணும், இல்லே அவர் மனுவைத் திருப்பி அனுப்பணும். ரெண்டு நாள் தூங்கலேங்க்கா. கடைசியில மனுவைத் திருப்பிட்டேன். அந்த வீட்டை இருபதாம் நம்பருக்குக் கொடுத்துட்டோம்."

பக்கத்து வீட்டில் பேக்கரிக்காரி எண்ணுகிற சத்தம் கேட்டது.

"வரிசையில வான்னு சொன்னே" என்றார் கணவர். திட்டுகிற குரல் இல்லை அது. "வந்திருக்கான்."

செயலாளர் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மகனுக்காக ஓர் இடத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்தாள். அந்த இடம்தான் அவனுக்கு வரவேண்டிய வீட்டை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் போய்ச் சண்டை போடலாம். இதற்கு யாரிடம் போய் நிற்பது?

"இந்த வருஷக் கார்டு?" என்று கேட்டாள்.

"வரலேக்கா."

மதியம் முழுவதும் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஜன்னல் திரைக்குக் கரை மடித்துத் தைத்தாள். முடித்துப் பார்த்தால் துணியின் மறுபக்கத்தில் தைத்திருந்தாள். பிரித்தாள். கணவர் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர் இரண்டு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஐந்து மணிக்கு முற்றத்தில் கூட்டம். ஒவ்வொரு வருடமும் கணக்கை உரக்க வாசிப்பார்கள், ஆட்சேபம் இருந்தால் யாரும் எழுந்து கேட்கலாம். சலூன்காரர்தான் வாசித்தார். பன்னிரண்டு, நாலு பேர். பதின்மூன்று, மூன்று பேர். பதினாலு என்று தொடங்கி நிறுத்தினார்.

செயலாளர் எழுந்தாள்.

"பதினாலு, ரெண்டு பேர். போன வருஷம் மூணுன்னு எழுதினது பொய். நான்தான் எழுதினேன்."

முன்வரிசையில் கடிகாரக்காரர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எப்பத்திலேர்ந்து?"

"நாலு வருஷமா அவன் இங்க இல்ல. மூணு கணக்குல பொய் எழுதியிருக்கேன்."

அவர் மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல் நின்றார். "என் பொண்டாட்டி செத்து மூணு மாசத்துல என்னைக் கிளப்பினீங்க. அப்ப உங்க வீட்டுல இந்த ரூம் காலியாத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"அவ கட்டிலைப் போட இடமில்லாம வித்துட்டேம்மா."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் உட்காரவில்லை. இதற்கு மன்னிப்பு என்று ஒரு வார்த்தை போதுமா என்று யோசித்தாள். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நானும் கையெழுத்துப் போட்டவன்தான்" என்றார் கணவர். "தெரிஞ்சேதான் போட்டேன். அவளை மட்டும் நிக்கவைக்காதீங்க."

நான்கு வருடத்தில் அவர் அவள் பக்கம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது.

முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. மாதக் கடைசிக்குள் அவர்கள் ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு மாற வேண்டும். பதினாலாம் வீடு பேக்கரிக் குடும்பத்துக்கு. பேரைச் சொன்னதும் கைதட்டுவது வழக்கம். அன்று யாரும் தட்டவில்லை. பேக்கரிக்காரி கடைசி வரிசையில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீடு கிடைத்த சந்தோஷத்தை அவளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததும் தன் கணக்கில்தான் சேரும் என்று செயலாளர் நினைத்தாள்.

கூட்டம் கலைந்தபிறகு, சலூன்காரர் ஒரு கோப்போடு அலுவலக அறைக்கு வந்தார். "பதிவேடு மாறிடுச்சு. இப்ப மனுவைத் திருப்பினது செல்லாது. திரும்பச் சேர்க்கறதுக்குச் செயலாளர் கையெழுத்து வேணும்."

அவள் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். கோப்பில் இருந்த மனு நகலின் முகவரிப் பகுதியில் சலூன்காரர் ஒரு தாளை மடித்து வைத்து மறைத்திருந்தார். அதற்குக் கீழே மூன்று கார்டுகள். கார்டில் ஒரே ஒரு கேள்விதான், வீட்டில் எத்தனை பேர் என்று. மகனின் சாய்ந்த கையெழுத்து.

முதல் வருடம், இருவர். இரண்டாம் வருடம், இருவர். மூன்றாவது கார்டில் மூவர் என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக: பெண் குழந்தை, ஐந்து மாதம்.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். கணவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடினார், அது நெற்றிமேலேயே இருந்தது. படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்ப ஒண்ணரை வயசு ஆகியிருக்கும்" என்றார் ஜன்னலைப் பார்த்தே. "நடப்பா."

குடியிருப்பின் அத்தனை வீட்டுத் தலைகளையும் பெயர் பெயராக எண்ணி வைத்திருப்பவள் செயலாளர். யார் வீட்டில் எந்தக் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். தன் பேத்தியை ஒரு கார்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு.

கையெழுத்துப் போட்டாள். முத்திரையை ஒற்றினாள். பிறகு இழுப்பறைச் சாவி, அலுவலகச் சாவி, முத்திரை எல்லாவற்றையும் எடுத்து சலூன்காரர் பக்கம் நகர்த்தினாள்.

"என்னக்கா இது?"

"பொய் எழுதினவ கையில இது இருக்கக்கூடாது. வேற ஆளைப் பாருங்க." கொஞ்சம் தயங்கி, மறைத்து வைத்த தாளைக் காட்டினாள். "இப்ப முகவரியைக் கொடுங்க."

"அது ரகசியமில்லையாக்கா?"

"செயலாளருக்குத்தான் ரகசியம். நான் இப்ப செயலாளர் இல்ல. அவனோட அம்மா."

சலூன்காரர் சாவிகளைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுச்சீட்டில் முகவரியை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் முக்கால் மணிநேரம்தான். இத்தனை பக்கத்திலா இருந்தான் என்று அவள் சீட்டைத் திரும்பப் படித்தாள்.

வாசல்வரை கணவர் கூடவே வந்தார். "நான் வரட்டுமா?"

"நான் சொன்ன வார்த்தைக்கு நான்தான் போகணுங்க."

அவர் தலையசைத்தார். ஆனாலும் போகவிடாமல் நின்றார். காலையிலிருந்து உள்ளே கிடந்ததை அப்போதுதான் கேட்டார்.

"மனுவைத் திருப்பினப்ப காரணத்தையும் எழுதித்தானே அனுப்பியிருப்பாங்க? நீ பதினாலாம் வீட்டுல இருக்கே, செயலாளர் கையெழுத்துப் போட்டிருக்கார்னு. அதைப் படிச்சப்ப என்ன நெனச்சிருப்பான்? அம்மா எனக்கு இன்னும் இடம் வச்சிருக்காளேன்னா? இல்ல, அம்மா மறுபடியும் கதவை அடைச்சுட்டாளேன்னா?"

தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. அவள் துண்டுச்சீட்டை நாலாக மடித்தாள்.

"ரெண்டாவதைத்தான் நெனச்சிருப்பான்" என்றாள். "நான் வளர்த்த பிள்ளைதானேங்க அவன். எழுத்துல என்ன இருக்கோ அதைத்தான் நம்புவான்."

சொல்லிவிட்டு, மருமகள் வந்து கதவைத் திறந்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று தெரியாமலேயே, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.